எந்த ஊர், எப்போது வந்தீர்கள்?

நாளைக்குக் காலையில் முதல்முறையாக அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறீர்கள். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, பையில் தண்ணீர் பாட்டில். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறீர்கள். கேள்வியை எப்படிப் படிப்பது, பதிலை எங்கே அழுத்துவது என்றெல்லாம் இரண்டு நாளாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் தலையிட மாட்டேன். அந்த டேப்லெட்டை ஆன் பண்ணக்கூட எனக்குத் தெரியாது. என் காலத்தில் சர்வே என்றால் ஃபாரம், பரீட்சை அட்டை, நீலப் பேனா. சூப்பர்வைசர் ஆகிவிட்டால் சிவப்புப் பேனா. அவ்வளவுதான்.

உங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்க சர்வீஸ்ல பெருமையா ஏதாவது ஒண்ணு எழுதிக் கொடுங்க, புதுசா சேர்ந்தவங்க படிக்கட்டும்" என்றார். பெருமையாகச் சொல்ல இல்லாமல் இல்லை. பெங்களூரில் நான் ஏறி இறங்காத மாடி இல்லை, என்னைத் துரத்தாத நாய் இல்லை. அதையெல்லாம் படித்து உங்களுக்கு என்ன ஆகப் போகிறது? நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். நேர்மையாக, கஷ்டப்பட்டு, வெயிலில் அலைந்து செய்த தப்பு. சோம்பேறித்தனத்தில் செய்திருந்தால்கூட மனசு இவ்வளவு உறுத்தாது.

தொண்ணூறுகளின் கடைசி. நீலசந்திராவின் ஓரத்தில் ராஜகாலுவே ஒன்று போகிறது. ராஜகாலுவே என்றால் மழைத்தண்ணீர் போகிற பெரிய கால்வாய், பெயரில்தான் ராஜா. அதன் கரையை ஒட்டி ஒரு சந்து. கல்லும் தகரமுமாக நெருக்கிக் கட்டிய வீடுகள், கிட்டத்தட்ட எல்லாம் தமிழ் பேசுகிறவர்கள். கால்வாயை அகலப்படுத்த வேண்டும், அதனால் சந்து வீடுகளைக் காலி பண்ண வேண்டும் என்று ஒரு துறையில் முடிவு பண்ணினார்கள். எந்தத் துறை என்பது வேண்டாம், எங்கள் கம்பெனியின் பெயரும் வேண்டாம். தப்பு என்னுடையது, அதற்கு ஒரு பெயர் போதும்.

ஏற்பாடு இதுதான். பெங்களூரிலேயே காலம் காலமாக இருப்பவர்களுக்கு நடக்கிற தூரத்தில் மாடி வீடு. அது முதல் லிஸ்ட். சமீபத்தில் வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்கு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் தகரக் கொட்டகை. அது இரண்டாவது லிஸ்ட். யார் எதில் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதித் தர வேண்டியது எங்கள் வேலை.

இங்கிலீஷில் வந்த ஃபாரத்தில் 'நேட்டிவ் ப்ளேஸ்' என்று ஒரு கேள்வி. அடுத்தது, 'அது பெங்களூர் இல்லையென்றால், எப்போது வந்தீர்கள்?' தமிழ் ஃபாரத்தை மொழிபெயர்த்தது நான். மல்லேஸ்வரத்தில் பிறந்து கன்னட ஸ்கூலில் படித்தாலும் அப்பா வீட்டில் உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. யோசிக்கவே இல்லை, 'சொந்த ஊர் எது?' என்று எழுதினேன். கன்னட ஃபாரத்தில் வேறு யாரோ 'ஹுட்டிதூரு' என்று போட்டிருந்தார்கள், அதாவது பிறந்த ஊர். பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு. இதுகூடச் சரியாக மொழிபெயர்க்கத் தெரியவில்லை பாருங்கள் என்று ஆபீசில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

என் டீமில் ஆறு பெண்கள். ஐந்து பேர் தமிழ் ஃபாரம். ஒருத்தி மட்டும் கன்னடம், பெயர் மஞ்சுளா. மைசூர் போகிற வழியில் இருக்கும் சென்னபட்டணத்துப் பக்கம். தமிழ் புரியும், பேசினால் தடுமாறும். ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒரு கட்டம் காலியாக விட மாட்டாள். அந்தச் சந்துக்காரர்கள் கன்னடமும் சரளமாகப் பேசுவார்கள் என்பதால் அவளுக்கும் ஒன்பது வீடு ஒதுக்கினேன்.

சாயங்காலம் ஃபாரங்களைப் புரட்டினால், தமிழில் கேட்ட வீடுகள் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே மாதிரி. சொந்த ஊர் ஆரணி, போளூர், செங்கம், திருப்பத்தூர். எப்போது வந்தீர்கள்? 'சமீபத்தில்', 'போன வாரம்', 'பத்து நாள் ஆச்சு'. கேட்ட பெண்களில் ஒருத்திகூட, இதென்ன சந்து முழுக்கப் போன வாரம்தான் வந்ததா என்று என்னிடம் கேட்கவில்லை. அவர்களை ஏன் சொல்கிறேன், எனக்கே அது உறைக்கவில்லை. நீலசந்திரா, காலுவே ஓரம், கூலி வேலை, தமிழ். இதைக் கேட்டதும் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? தமிழ்நாட்டிலிருந்து தினம் ரயிலில் வந்து இறங்குகிறார்கள் என்றுதான். ஆட்டோக்காரர் அப்படிச் சொல்வார், எங்கள் எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் அப்படிச் சொல்வார், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததே எழுத்தில் வந்தால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மஞ்சுளாவின் ஒன்பது ஃபாரம்தான் உறுத்தியது. ஒன்பதில் ஒன்பதும் 'பெங்களூர்'.

எழுதினது சரிதானா என்று சூப்பர்வைசர் திரும்பப் போய்க் கேட்பதற்கு பேக் செக் என்று பெயர். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அங்கொன்று இங்கொன்றாக, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஃபாரங்களுக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. நான் விதியைப் பார்க்கவில்லை. எது எனக்கு ஆச்சரியமாக இருந்ததோ அந்த ஒன்பதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மற்றவை எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தானே!

எனக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. தொண்ணூற்றொன்றில் காவிரித் தகராறு வந்தபோது இந்த ஊரில் தமிழர்கள் பட்ட பயம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் வீட்டு வாசலில் தமிழில் இருந்த பெயர்ப் பலகையை அப்பாவே கழற்றி உள்ளே வைத்தார், திரும்ப மாட்டவே இல்லை. அந்தப் பயம் மிச்சம் இருக்கும், கன்னடத்தில் ஒரு பெண் வந்து கேட்டால் இங்கேயே பிறந்தேன் என்றுதான் சொல்வார்கள், தமிழில் கேட்டால் உண்மை வரும் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு புத்திசாலித்தனமான காரணம்! எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஒன்பதில் முதல் வீடு பச்சையம்மாவுடையது. முப்பத்தைந்து வயசு இருக்கும். பக்கத்துத் தெருக்களில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். புருஷன் இல்லை, ஒரே பெண், ஸ்கூலில் படிக்கிறது. வாசலில் குடத்தைக் கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்ன கன்னடம்! எங்கள் மல்லேஸ்வரத்து மார்க்கெட்டில்கூட அப்படி ஒரு கன்னடம் கேட்க முடியாது. என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். அவள் பேசின கன்னடம் என் காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை.

"பயப்படாம சொல்லும்மா, நானும் தமிழ்தான். சொந்த ஊரு எது?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆரணிக்குப் பக்கம் மேடம். பெரிய கோயில் இருக்குது எங்க ஊர்ல."

"எப்ப வந்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை வந்தோம் மேடம்."

"போன செவ்வாய்க்கிழமையா?"

"ஆமா. பஸ்ல என்னா கூட்டம்ன்றீங்க!"

நான் பஸ்ஸையும் கேட்கவில்லை, கூட்டத்தையும் கேட்கவில்லை. அங்கேயே நின்று சிவப்புப் பேனாவை எடுத்து, மஞ்சுளா எழுதின 'பெங்களூரு'வை அடித்து, மேலே 'ஆரணி, புதிதாக வந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற எட்டு வீட்டிலும் இதே கதை. ஒன்பது ஃபாரமும் சிவப்பு.

ஆபீசில் மஞ்சுளா அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானு சுள்ளு பரெதில்ல மேடம், பொய் எழுதலை. அவங்க சொன்னதுதான் எழுதினேன்" என்றாள்.

"நீ பொய் எழுதினேன்னு சொல்லலை. உங்கிட்ட அவங்க பொய் சொல்லிட்டாங்க."

"ஏன் மேடம் எங்கிட்ட பொய் சொல்லணும்?"

காரணம்தான் கைவசம் இருக்கிறதே, சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோஷக்காரி, தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

ரிப்போர்ட் போனது. கொஞ்ச நாளில் ரேஷன் கடைச் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். முதல் லிஸ்டில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பெயர்கள். மிச்ச சந்து முழுக்க இரண்டாவதில். மறுநாள் பச்சையம்மா விசாரித்துக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டாள். தேய்த்த பாத்திரத்துச் சாம்பல் கையில் அப்படியே இருந்தது, வேலை நடுவில் ஓடி வந்திருக்கிறாள். மஞ்சுளா அவளை உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"மேடம், என் பேரு ரெண்டாவது லிஸ்ட்ல இருக்குது. அங்க போய்ட்டா நாலு வீட்டு வேலையும் போச்சு. பொண்ணு ஸ்கூலும் போச்சு. நான் அப்படி இன்னா மேடம் தப்பா சொல்லிட்டேன்?"

"நீ சொன்னதைத்தாம்மா எழுதினேன். ஆரணி பக்கம்னு சொன்னே. செவ்வாய்க்கிழமை வந்தோம்னு சொன்னே."

"ஆமா, ஆடி மாசம் கூழ் ஊத்தப் போயிட்டு செவ்வாய்க்கிழமைதான வந்தோம்? சந்தே காலியா கெடந்துச்சே, தெரியாதா உங்களுக்கு?"

"அப்ப பெங்களூருக்கு முதல்ல எப்ப வந்தே?"

"நான் எங்க வந்தேன்? எங்கம்மாதான் வந்துச்சு, சித்தாள் வேலைக்கு. நான் பொறந்தது இங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரில. வளர்ந்தது, கட்டிக்கினது, அந்தாளு செத்தது எல்லாம் இந்தச் சந்துலதான். இந்தம்மாகிட்ட கன்னடத்துல சொன்னேனே," என்று மஞ்சுளாவைக் காட்டினாள்.

மஞ்சுளா என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தப்பு செய்தவருக்குத்தான் முதலில் கோபம் வரும். எனக்கு வந்தது. "அதை எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? எந்த ஊருன்னு கேட்டா பெங்களூருன்னு சொல்லாம ஆரணின்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் திருப்பிக் கேட்டாள். "நீங்க எந்த ஊரு மேடம்?"

"வாலாஜாபேட்டை."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பேசத் தெரிந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிற பதில்.

"எப்ப வந்தீங்க?"

நான் எங்கே வந்தேன்? மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்தது என் தாத்தா. அப்பா பிறந்தது மல்லேஸ்வரம், நான் பிறந்தது மல்லேஸ்வரம், என் பிள்ளைகள் பிறந்தது மல்லேஸ்வரம். வாலாஜாபேட்டைக்கு வாழ்நாளில் ஒரு கல்யாணத்துக்குப் போய், சாயங்காலமே திரும்பிவிட்டேன். என்னை யாராவது ஒரு ஃபாரத்தோடு வந்து கேட்டிருந்தால், நானும் இரண்டாவது லிஸ்ட்தான். ஆனால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள், எங்கள் வீடு கால்வாய் ஓரத்தில் இல்லை.

மஞ்சுளா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நானே வந்து நாலு வருஷம்தான் மேடம்" என்றாள். நியாயமாகப் பார்த்தால் அந்த அறையில் வெளியூரிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அவளை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் மாடியில் அப்போது ஒரு பையன் குடியிருந்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்து தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கன்னடத்தில் வேணும், வேண்டாம் என்கிற 'பேக்கு', 'பேடா' தவிர ஒரு வார்த்தை தெரியாது. எதிர்வீட்டுத் தாசில்தார் அவனை 'நம்ம பெங்களூர் ஹுடுகா', நம்ம ஊர்ப் பையன் என்பார். பச்சையம்மா மாதிரி ஆட்களை, ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் என்பார். இரண்டையும் நான் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

பச்சையம்மாவை அனுப்பிவிட்டு டைரக்டர் சார் அறைக்குப் போனேன். போகிறதற்கு முன்னால் பாத்ரூமில் நின்று முகம் கழுவினேன், அழுதேன், மறுபடி கழுவினேன். வெட்கப்பட்டுக்கொண்டு இதை மறைக்கப் போவதில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். நான் போட்ட சிவப்புக் கோட்டை நினைத்து வந்த அவமானம் ஒரு பக்கம்.

சார் நல்ல மனுஷர். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா, ரிப்போர்ட்டை வாங்கினவங்க ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கலை. ஏன் தெரியுமா? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தைத்தான் நாம எழுதியிருக்கோம். இப்பப் போய் அது தப்புன்னு சொன்னா, அதை நம்ப மாட்டாங்க, நம்மளையும் நம்ப மாட்டாங்க" என்றார்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு நம்மளை எதுக்கு சார் அனுப்பினாங்க?"

எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நாலு நாள் தரேன். சந்து முழுக்க மறுபடி கேளுங்க. ஆனா தப்பு எப்படி நடந்ததுன்னு லெட்டர் நீங்கதான் எழுதணும், உங்க கையெழுத்துல" என்றார். சரி என்றேன்.

நானும் மஞ்சுளாவும் இறங்கினோம். முதலில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், நடுத்தெருவில். "பிடி மேடம்" என்றாள், கன்னடத்தில் விடுங்கள் என்று அர்த்தம். அவள் உடனே விட்டுவிட்டாள், நான்தான் இன்னும் விடவில்லை.

சொந்த ஊர் வேண்டாம், மஞ்சுளாவின் ஃபாரம் மாதிரி பிறந்த ஊரைக் கேட்போம் என்று ஆரம்பித்தோம். மூன்றாவது வீட்டிலேயே அதுவும் கவிழ்ந்தது. "பொறந்தது போளூர் மேடம். தலைப்பிரசவத்துக்கு எங்கம்மா அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்துச்சு. அஞ்சாம் மாசம் தூக்கிக்கினு வந்துட்டாங்க." அட, ஆமாம்! தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எனக்குத் தெரியாதா? ஐந்து மாதக் குழந்தையாக வந்தவளை வெளியூர்க்காரி என்று எழுதுவதா? தெருவிலேயே நின்று யோசித்தோம். வழி காட்டியது எங்கள் படிப்பு இல்லை. அந்த வீட்டுப் பெண், எங்கள் குழப்பத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு மொதப் பல்லு விழுந்தப்போ இந்த வூட்டுக் கூரை மேலதான் போட்டேன், அப்ப ஓலைக் கூரை" என்று சும்மா சொன்னாள். மஞ்சுளா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

அதற்கப்புறம் நாலு நாளும் ஒரே கேள்வி. "முதல் பல் விழுந்தப்போ எந்த வீட்டுக் கூரை மேல போட்டீங்க?" எப்படிச் சிரித்தார்கள் தெரியுமா! சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார்கள். அதோ அந்தக் கூரை, இதோ இந்தக் கூரை, அது இடிஞ்சு போச்சு, அங்க இப்ப குழாய் இருக்குது. ஆரணியிலோ செங்கத்திலோ பல்லைப் போட்டவர்களும் இருந்தார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களிலும் பலர் இங்கே வந்து பிள்ளைகளின் பல்லை இந்தக் கூரைகள் மேல் போட்டவர்கள். சமீபத்தில் வந்தவர்கள் என்று தேடினால் கொஞ்சம் பேர்தான் கிடைத்தார்கள். சந்தின் கோடியில் பச்சையம்மா ஒரு தகரக் கூரையைக் காட்டி, "என் பல்லு அங்க, எம்பொண்ணு பல்லும் அங்கதான்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, முன்பு சண்டை போட்டாளே அவள்தான், ஆமாம் என்று சாட்சி சொன்னாள்.

லெட்டர் எழுதினேன். தப்பு என்னுடையது, கேட்டவர்களுடையதும் இல்லை, சொன்னவர்களுடையதும் இல்லை என்று எழுதினேன். புது ஃபாரங்களோடு சாரும் நானும் அந்தத் துறைக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி வயசானவர், கடுமையானவர், ஆனால் ஃபாரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு மணி நேரம் நாங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில், "சரி, ஒத்துக்கறேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் ஒரு சின்னக் கட்டைத் தனியாக எடுத்து வைத்தார். ஒன்பது ஃபாரம்.

"இதை மட்டும் எடுத்துக்க முடியாதும்மா. ஒரே கேள்விக்கு இங்கே மூணு பதில் இருக்கு. முதல்ல பெங்களூர். அதை அடிச்சு, சூப்பர்வைசர் நேர்ல போய்ப் பார்த்தது, ஆரணின்னு கையெழுத்து. இப்ப மறுபடி பெங்களூர். மத்ததுல ஏதோ கேள்வி புரியலைன்னு வச்சுக்கலாம். இதுல நீங்களே போய்ச் சரிபார்த்திருக்கீங்க. சரிபார்த்ததையே தப்புன்னா நான் எதை நம்பறது?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சந்தில் ஆரம்பத்திலேயே சரியாக எழுதப்பட்டிருந்தது அந்த ஒன்பது வீடுகள்தான். நான் கை வைக்காமல் இருந்திருந்தால் முதல் லிஸ்டில் முதல் பெயர் பச்சையம்மாவுடையது. கன்னடத்திலும் தமிழிலும் கேட்டதற்கெல்லாம் நிஜத்தைச் சொன்னவள், ஓடி வந்து எங்கள் தப்பைக் காட்டிக் கொடுத்தவள், அவளால்தான் மிச்ச சந்து தப்பித்தது. அவளுக்கும் மற்ற எட்டு வீட்டுக்கும் மட்டும் வழி இல்லை. மனு எழுதினோம், நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டேன், மஞ்சுளா ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து பிறப்புச் சீட்டு வாங்கி வந்தாள். மனு பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனையில் இருக்கும்போதே வண்டி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது என்று உங்கள் மேனேஜர் கடைசியில் ஒரு பத்தி எழுதச் சொன்னார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆச்சரியமாக இருக்கிற பதிலைத் திரும்பப் போய்க் கேட்க உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், நீங்களே போவீர்கள். 'இதுதான் தெரியுமே' என்று தோன்றுகிற பதிலுக்குப் போங்கள். கால் வலித்தாலும் போங்கள். கேள்வியை நீங்கள் எழுதியிருந்தால், முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள். நான் அன்றைக்கு வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை, 'சொந்த ஊர் எது?' என்று கேட்டுப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்த வருஷம் தை மாதம், இரண்டு பஸ் மாறி பச்சையம்மாவைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று ஐந்து மாதம் பார்த்தேன், முடியவில்லை. வெயிலில் காய்கிற தகரக் கொட்டகை வரிசை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் வேலை கிடைத்திருக்கிறதாம். கை முழுக்கக் காப்பு காய்த்திருந்தது.

"பொண்ணு ஸ்கூல் போகுதா?" என்றேன்.

"இங்க ஒரு ஸ்கூல்ல சேர்த்துக்கினேன் மேடம். மொத நாளு டீச்சரு எந்த ஊருன்னு கேட்டாங்களாம். நீலசந்திரான்னு சொல்லிட்டு வந்திருக்குது." சிரித்தாள். "எப்ப வந்தீங்கன்னு கேட்டாங்களாம். இப்பத்தான், ஒரு வாரம் ஆச்சுன்னு சொல்லியிருக்குது."

வெளியூர், புதிதாக வந்தவர். அந்த வீட்டைப் பற்றி நான் எழுதியபோது அது பொய். இப்போது யார் வந்து, எந்த மொழியில், எப்படி மாற்றி மாற்றிக் கேட்டாலும், அதுதான் சரியான பதில்.